குழாயில் ஒரு துளை



படம் மாட்டப் போய் வந்த வினையொன்றைச் சொல்லி இன்றைய பேச்சைத் தொடங்குகின்றேன். எங்கள் மாடி வீட்டுச் சுவரில் ஆணி பதிப்பதற்காகத் துளைக்கருவியை வைத்து அழுத்தினேன். மூன்று நாள் சென்றபின், கீழ்வீட்டு அம்மையார் வந்து, தம் அறையின் மேற்கூரை நனைந்திருப்பதாகச் சொன்னார். சுவருக்குள் பதித்திருந்த கழிவுநீர்க் குழாயையும் சேர்த்து நான் துளைத்திருந்தேன்! துளை என்னவோ மிளகளவுதான். ஆனால் கசியும் நீர் கான்கிரீட்டினுள் இருக்கும் இரும்புக் கம்பியை எட்டிவிட்டால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட மிகுந்த இடம் கொள்வது. அதன் நெருக்கத்தால் கான்கிரீட் வெடித்துப் பெயர்ந்து விழும். அந்த அம்மையாரின் கட்டில் அதன் நேர் கீழே கிடந்தது.

உடனே சுவர்ப்பூச்சைக் கொத்தி, கடையிலிருந்து சால்வென்ட் சிமெண்ட் வாங்கி வந்து துளையின்மேல் அப்பினேன். மறுநாள் மீண்டும் ஈரம். பசை மட்டமானது என்று கடைக்காரரைக் குறை கூறினேன். குற்றம் அவருடையதன்று.

ஏனெனில் அது பசையே அன்று. பி.வி.சி. பிளாஸ்டிக்கையே டெட்ராஹைட்ரோபியூரான் போன்ற கரைப்பான்களில் கரைத்து வைத்திருக்கும் குழம்பு அது. குழாயின்மேல் தடவியதும் மேற்பரப்பு இளகுகிறது. இளகிய இரு பரப்புகளைச் சேர்த்து அழுத்தினால், ஒன்றின் நீண்ட மூலக்கூறுகள் மற்றொன்றினுள் புகுந்து பின்னிக் கொள்கின்றன. கரைப்பான் ஆவியாகிப் போனபின் அங்கே இரண்டு துண்டுகள் இல்லை, ஒன்றுதான் உண்டு. துளையை மட்டும் அதனால் நிரப்பினால், பெரும்பகுதி ஆவியாகி, எஞ்சியது சுருங்கிப் போகும். நானோ ஈரத்தைக்கூடத் துடைக்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு வேடிக்கை. 1926-இல் அமெரிக்காவில் வால்டோ செமன் என்ற வேதியியலார் ரப்பரை உலோகத்தோடு ஒட்டுவதற்கு ஒரு பசை தேடினார். பி.வி.சி.யைக் கொதிநிலை மிகுந்த நீர்மத்தில் இட்டுச் சூடாக்கினார். பசை கிட்டவில்லை, வளையும் பிளாஸ்டிக் கிட்டிற்று!

எனக்கு வழிகாட்டியவர் முதிய குழாய்த் தொழிலாளர் ஒருவர். அவர் வந்ததும் குழாயில் சிறு சீவல் எடுத்து, ஒரு குவளை நீரில் போட்டு விரலால் அமுக்கி விட்டார். அது மூழ்கியது. “பி.வி.சி.தான் ஐயா, ஒட்டும்” என்றார். அதன் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. தொட்டியின் அடியில் மாட்டும் வளைகுழாய்கள் பல பாலிபுரோப்பிலீனால் ஆனவை. அதன் அடர்த்தி 0.9 அளவே, ஆதலால் மிதக்கும். அதனை இந்தக் கரைப்பான் இளக்காது. எவ்வளவு தடவினாலும் தோல்போல் உரிந்து வந்துவிடும். அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டியதுதான்.

பிறகு அவர் அதே அளவுக் குழாய்க்குரிய கப்ளிங் ஒன்றை நீளவாக்கில் அறுத்தார். குழாய்த்துண்டையே அறுத்து வைக்கலாகாதா என்று கேட்டேன். குழாயின் உட்புறம் அதன் வெளிப்புறத்தைவிடக் குறுகலன்றோ? சரியாகப் பொருந்தாது. கப்ளிங்கோ குழாயின் வெளிப்புறத்தைக் கவ்வுவதற்கென்றே செய்தது. துளையைச் சுற்றி நன்கு துடைத்து உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்து, குழாயிலும் துண்டிலும் சிமெண்ட் தடவி, இறுக அழுத்திக் கம்பியால் கட்டினார். அந்த ஆவி தீப்பற்றக்கூடியது, மூச்சுக்கும் ஆகாது; ஆதலால் சன்னல்களைத் திறக்கச் செய்து, அடுப்பையும் அணைக்கச் சொன்னார்.

கழிவுநீர்க் குழாயில் நீர் தன் எடையால் இறங்கி ஓடுகிறதேயன்றி, அழுத்தத்தோடு பாய்வதில்லை. அதனால்தான் இந்த ஒட்டு தாங்குகிறது. மேல்தொட்டியிலிருந்து வரும் குழாயாயிருந்தால் அப்பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் துண்டு இணைத்திருப்பார்.

ஒரு நாள் முழுவதும் அந்தக் குழாயில் நீர் விடவில்லை. அதன்பின் ஒரு வாளி நீரை ஊற்றிவிட்டு, கீழே சென்று அம்மையாரும் நானும் அண்ணாந்து பார்த்துக் கொண்டு நின்றோம். சொட்டவில்லை. கூரையின் கறை காய்வதற்கு ஒரு மாதம் பிடித்தது. படத்தை நான் இன்னும் மாட்டவில்லை.