சரக்குக்கு ஒரு சட்டம், ஆளுக்கு ஒரு சட்டம்

(கீரமங்கலத்தில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தக் கூட்டத்துக்கு வரும் வழியில் நாம் இரண்டு காட்சிகளைக் கண்டோம். சாலைக்கு ஒரு பக்கம் தென்னந்தோப்பு. மரத்தடியில் உரித்த காய் குவிந்து கிடக்கிறது. மறு பக்கம் ரேஷன் கடை. வரிசையில் நின்று திரும்பும் தாய்மார் கையில் 25 ரூபாய் பாமாயில் பாக்கெட். தோப்புக்கும் கடைக்கும் இடையே கூப்பிடு தூரந்தான். ஆனால் அந்தப் பாக்கெட்டில் இருக்கும் எண்ணெய், மலேசியாவிலோ இந்தோனேசியாவிலோ விளைந்து, கப்பலேறிக் கடல் தாண்டி வந்த எண்ணெய்!

தேங்காய் விளையும் ஊரில் அப்பளம் பொரிக்க அயல்நாட்டு எண்ணெய் ஏன்? இந்தக் கேள்விக்கு இந்தப் பந்தலுக்குள்ளேயே இரண்டு பதில்கள் இருக்கின்றன. தோப்பு வைத்திருக்கும் சிறு விவசாயி, "வெளிநாட்டு எண்ணெய்க்கு வரியை ஏற்று, அப்போதுதான் என் காய்க்கு விலை" என்கிறார். ஆலைத் தொழிலாளியின் வீட்டு அம்மா, "வரியை ஏற்றினால் எண்ணெய் விலை ஏறும். நாங்கள் எதைக் கொண்டு தாளிப்பது?" என்கிறார்.

இருவரும் நம்மவர். இருவர் சொல்வதும் நியாயம். இந்த இருவரையும் எதிரெதிரே நிறுத்தி வைத்துவிட்டு நடுவில் லாபம் அடிப்பவன் யார்? அதைத்தான் இன்று பேச வேண்டும்.

வரி ஆடிய ஊஞ்சல்

முதலில் பழைய கணக்கைப் பார்ப்போம். 1986இல் மத்திய சர்க்கார் எண்ணெய் வித்துக்களுக்கு என்று ஒரு தனி இயக்கம் தொடங்கிற்று. கடலை, கடுகு, சோயா பயிரிட்ட விவசாயிகள் பாடுபட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் நாட்டுக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் மிகப் பெரும் பகுதியை நாமே விளைவித்தோம். வெளியிலிருந்து வாங்கியது சொற்பம். அதையும் சர்க்காரின் வர்த்தகக் கழகம்தான் வாங்கிற்று.

1994இல் அந்தக் கதவு திறந்தது. 65 சதவீத வரி கட்டினால் எந்த வியாபாரியும் பாமாயில் இறக்கலாம் என்றார்கள். நான்கே ஆண்டில், 1998இல், அந்த வரி 15 சதவீதமாக இறங்கிற்று. எண்ணெய் வெள்ளமாகப் பாய்ந்தது. 2022-23ஆம் எண்ணெய் ஆண்டில் நமது நாடு இறக்கிய சமையல் எண்ணெய் சுமார் 1 கோடியே 65 லட்சம் டன். அதில் பாதிக்கு மேல் பாமாயில். தன் எண்ணெயைத் தானே ஆட்டிய நாடு, தேவையில் பாதிக்கு மேல் கடலுக்கு அப்பால் எதிர்பார்க்கும் நாடாயிற்று.

சரி, வரியாவது ஒரு நிலையில் நின்றதா? இல்லை. கச்சா பாமாயிலுக்கு 2018 மார்ச்சில் 44 சதவீதம். 2021 அக்டோபரில் அடிப்படை வரி பூஜ்யம். 2024 செப்டம்பரில் மீண்டும் 20. 2025 மே மாத முடிவில் 10. ஊஞ்சல் மாதிரி மேலும் கீழும் ஆடிற்று.

இந்த ஊர்க்காரர்களுக்கு 2018 நவம்பர் 16 மறக்குமா? கஜா புயல் அடித்த இரவு. பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஆலங்குடி, கீரமங்கலம் என்று கண்ணுக்கு எட்டிய வரை தென்னை சாய்ந்து கிடந்தது. பிள்ளையைப் போல வளர்த்த மரம் ஒன்றுக்கு, வெட்டி அகற்றும் கூலியையும் சேர்த்து, சர்க்கார் அறிவித்த நிவாரணம் 1,100 ரூபாய். அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு மறு கன்று வைத்தோம். நெட்டைக் கன்று காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அந்தக் கன்று பாளை விடுவதற்குள் பாமாயில் வரி எத்தனை முறை மாறிற்று என்று விரலை விட்டு எண்ணிப் பாருங்கள். எதை நம்பி விவசாயி மரம் வைப்பது?

ஏறும்போது சடுதி, இறங்கும்போது சாவகாசம்

வரியை ஏற்றினால் விவசாயிக்குப் போகும், இறக்கினால் உண்பவனுக்குப் போகும் என்று சொல்கிறார்கள். உண்மையில் நடப்பது என்ன?

2024 செப்டம்பரில் வரி ஏறியது. அப்போது நாட்டில் பழைய, குறைந்த வரியில் வந்த எண்ணெய் சுமார் 30 லட்சம் டன் இருப்பில் இருக்கிறது, 45 நாட்களுக்கு மேல் போதும், அதுவரை விலையை ஏற்றாதீர்கள் என்று மத்திய உணவு இலாகாவே எண்ணெய்க் கம்பெனிகளிடம் கேட்டுக்கொண்டது. கேட்டார்களா? விலை ஏறிவிட்டது. ஏன் ஏற்றினீர்கள் என்று இலாகா விளக்கம் கேட்க வேண்டியதாயிற்று. சரக்கு பழைய வரியில் வந்தது. விலை புதிய வரியில் ஏறிற்று! இடைப்பட்ட பணம் தேங்காய் போட்டவனுக்கா போயிற்று?

2025இல் வரியைக் குறைத்தார்கள். உடனே விலையைக் குறையுங்கள் என்று அதே இலாகா மறுபடி கம்பெனிகளுக்கு வேண்டுகோள் விடுத்தது. ரேஷன் அட்டைக்காரன் ஒரு கையெழுத்துத் தவறினால் பொருள் கிடையாது. கோடிக்கணக்கில் புரட்டுகிறவனுக்கோ வெறும் வேண்டுகோள்!

கொப்பரைக்கு ஆதார விலை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2023 பருவத்துக்கு ஆலைக் கொப்பரை குவிண்டாலுக்கு 10,860 ரூபாய் என்றார்கள். வெளிச் சந்தையில் அதற்கும் கீழே விலை கிடந்தது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுபோனால் சிட்டா எங்கே, அடங்கல் எங்கே என்றார்கள். குத்தகைக்குத் தோப்பு எடுத்தவரிடம் ஏது சிட்டா? காயாகவே வெட்டி விற்கும் ஏழை விவசாயிக்குக் கொப்பரை காயவைக்கக் களம் ஏது? அவர் தரகர் சொன்ன விலைக்குத்தான் கொடுத்தார்.

2025இல் நிலைமை தலைகீழாயிற்று. வெள்ளை ஈயும் வறட்சியும் காய்ப்பைக் குறைத்தன. கொப்பரை விலை ஆதார விலையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு ஏறிற்று. தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டிற்று. ஆனால் மரத்தில் காய் இல்லாதவனுக்கு விலை ஏறி என்ன பயன்? மரம் ஏறிய தோழருக்கும், காய் உரித்த தோழருக்கும், களத்தில் கொப்பரை தோண்டிய தாய்மாருக்கும் கூலி இரு மடங்கு ஆயிற்றா? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்! விலை விழுந்தால் கூலியில் கை வைப்பார்கள். விலை ஏறினால் கூலியை மறந்துவிடுவார்கள்.

அந்தக் குலையை வெட்டுவது யார்?

இதுவரை சரக்கின் கதை. இனி ஆளின் கதைக்கு வருவோம். பாமாயில் தானாக வழிவதில்லை. நீண்ட கழியில் அரிவாள் கட்டி, அண்ணாந்து நின்று, குலையை ஒருவன் அறுக்க வேண்டும். அறுத்த குலையைச் சுமந்து, அதிகம் தாமதிக்காமல் ஆலைக்குச் சேர்க்க வேண்டும். தாமதித்தால் எண்ணெய் கெடும். அந்த வேலையைச் செய்வது யார்?

மலேசியத் தோட்டங்களின் கதை நமக்கு அன்னியமல்ல. ஒரு காலத்தில் கங்காணி முன்பணம் கொடுத்து இந்தத் தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைச் சீமை ஏழைகளைத்தான் ரப்பர் வெட்டக் கப்பலேற்றினான். ரப்பர் விலை விழுந்ததும் தோட்ட முதலாளிகள் கூலியை வெட்டினார்கள். அந்தத் தகராறில் 1938இல் இந்திய சர்க்கார் ஆள் அனுப்புவதை நிறுத்திற்று. 1969க்குப் பிறகு அங்கே பிரஜை அல்லாதவர் வேலை செய்யப் பர்மிட் வேண்டும் என்றார்கள். காட்டை வெட்டித் தோட்டமாக்கிய தமிழர் பல்லாயிரம் பேர் மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பினார்கள்.

இலங்கையிலும் இதே கதைதான். 1948இல் மலையகத் தொழிலாளரின் பிரஜா உரிமையைச் சட்டம் போட்டுப் பறித்தார்கள். 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று மனிதர்களைப் பங்கு போட்டார்கள். அந்த மக்கள் கிள்ளிய தேயிலை லண்டனுக்குத் தடையின்றிப் போயிற்று. தேயிலையைப் பார்த்து "நீ எந்த நாட்டுப் பிரஜை?" என்று யாரும் கேட்கவில்லை. கிள்ளிய கையைத்தான் கேட்டார்கள்.

இன்று மலேசியாவில் குலை வெட்டுபவர் பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்கதேசத்தவரும். ஊரில் கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டி வந்தவர்கள். 2020இல் அங்குள்ள இரண்டு பெரிய கம்பெனிகளின் பாமாயிலைக் கட்டாய உழைப்பால் வந்தது என்று சொல்லி அமெரிக்க சுங்க இலாகா தடுத்து நிறுத்திற்று. தொழிலாளியின் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பதும், கடனில் கட்டிப் போடுவதும் அந்தப் புகார்களில் இருந்தன. கங்காணி போய் ஏஜெண்ட் வந்தான், முன்பணம் போகவில்லை!

எல்லை மூடியது, எண்ணெய் ஏறியது

2020இல் கொரோனா வந்தது. மலேசியா வெளிநாட்டு ஆட்களை எடுப்பதை நிறுத்திற்று. உள்ளே இருந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். புதியவர்கள் வர முடியவில்லை. குலை பழுத்து மரத்திலேயே அழுகிற்று. 2019இல் அங்கே உற்பத்தி 1 கோடியே 98 லட்சம் டன். 2021இல் 1 கோடியே 81 லட்சம் டன். 2020 மே மாதத்தில் டன் சுமார் 2,000 ரிங்கிட் விற்ற எண்ணெய், உக்ரைன் யுத்தமும் சேர்ந்துகொள்ள, 2022 மார்ச்சில் 7,000 ரிங்கிட்டைத் தாண்டிற்று. கோலாலம்பூரில் ஒரு குடியேற்ற உத்தரவு. கீரமங்கலத்தில் வடைச்சட்டி காய்ந்தது!

அடுத்து இந்தோனேசியா. தன் நாட்டு மக்களுக்கே எண்ணெய் கிடைக்கவில்லை என்று 2022 ஏப்ரல் 28இல் ஏற்றுமதியைத் தடை செய்தது. என்ன நடந்தது? ஆலைகள் குலை வாங்க மறுத்தன. சிறு விவசாயியின் குலை விலை சரிந்தது. மே மாதம் ஜகார்த்தாவில் அந்த விவசாயிகள் ஊர்வலம் வந்தார்கள். மே 23இல் தடை நீங்கிற்று. அங்கேயும் குலைக்கு விலை கேட்டு விவசாயி தெருவில். எண்ணெய் கேட்டுத் தாய்மார் வரிசையில். பார்த்தீர்களா, நம் ஊர்க் காட்சியேதான்! அந்த விவசாயியா நமக்கு எதிரி? அந்தக் குலைவெட்டியா நம் தேங்காய் விலையைக் கெடுத்தவன்?

2009இல் இந்தியாவும் தென்கிழக்காசிய நாடுகளும் பாங்காக்கில் சரக்கு ஒப்பந்தம் போட்டன. 2010 முதல் அது அமலாயிற்று. கச்சா பாமாயில் வரி 2019 முடிவுக்குள் எத்தனை சதவீதத்துக்கு இறங்க வேண்டும் என்று அதில் அரைப் புள்ளி சுத்தமாக எழுதியிருக்கிறார்கள்: 37.5. ஆனால் அந்த எண்ணெயை எடுப்பவன் கூலி எவ்வளவு என்று ஒரு வரி உண்டா? நம் தேங்காய் விவசாயியின் நஷ்டத்தை யார் ஈடு செய்வது என்று ஒரு வரி உண்டா? கிடையாது. அதனால்தான் சொல்கிறோம்: சரக்குக்கு ஒரு சட்டம், ஆளுக்கு ஒரு சட்டம். மலிவு வேண்டும் என்றால் சரக்குக்குக் கதவைத் திறக்கிறார்கள். கூலி கேட்டால் ஆளுக்குக் கதவை அடைக்கிறார்கள்.

இங்கேயும் அதே தந்திரம் வருகிறது. நடவுக்கு வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆள் வருகிறார்கள். "உன் வேலையைப் பிடுங்க வந்தான்" என்று சிலர் மூட்டிவிடுகிறார்கள். தோழர்களே! நம் ஊர்ப் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இல்லையா? அங்கே அவர்களைப் பார்த்து இதே பேச்சைப் பேசினால் நமக்கு எப்படி இருக்கும்? வந்தவனுக்குக் குறைந்த கூலி என்பதால்தான் இருப்பவன் கூலி இறங்குகிறது. வந்தவனை விரட்டினால் அது தீராது. இருவருக்கும் ஒரே கூலி என்றால்தான் தீரும்.

என்ன கேட்க வேண்டும்?

வரி வேண்டுமா வேண்டாமா என்ற சண்டையில் நாம் பிரிந்து நிற்கக் கூடாது. தோப்பும் ரேஷன் கடையும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன என்றோமே, அந்தத் தூரத்தைக் கடக்கும் வழியைக் கேட்போம்.

ஒன்று: தேங்காய் எண்ணெயை ரேஷனில் கொடு. விவசாயியிடம் ஆதார விலைக்குச் சர்க்கார் வாங்கட்டும். ஏழைக்குக் கட்டுப்படியான விலையில் விற்கட்டும். இடையில் வரும் வித்தியாசத்தை, பாமாயில் இறக்குமதியில் வசூலாகும் வரிப் பணத்திலிருந்து ஈடு செய்யட்டும். அப்போது வரி விவசாயிக்கும் உதவும், உண்பவருக்கும் உதவும்.

இரண்டு: கொள்முதலைக் காய் வெட்டும் பருவத்திலேயே தொடங்கு. சிட்டா இல்லாத குத்தகைதாரரிடமும் வாங்கு. பொதுக் களம் அமைத்துக் கொடு.

மூன்று: வரி மாறும் நாளில் கம்பெனி கிடங்குகளின் இருப்பைக் கணக்கெடு. பழைய சரக்கைப் புதிய விலைக்கு விற்பவன் மேல் நடவடிக்கை எடு. வேண்டுகோள் போதாது.

நான்கு: தேங்காய் விலை ஏறும்போது ஏறுகூலி, உரிகூலி, களக்கூலியும் ஏற வேண்டும். உள்ளூர் ஆள், வெளியூர் ஆள் என்ற பேதம் கூலியில் கூடாது. கடல் கடந்து போகும் நம் பிள்ளைகளின் பாஸ்போர்ட் அவர்கள் கையிலேயே இருக்க வேண்டும். ஏஜெண்ட் கொள்ளை ஒழிய வேண்டும்.

இவற்றில் எதுவும் நடவாத காரியமல்ல. 25 ரூபாய்க்குப் பாமாயில் கொடுக்க முடிகிற கடையில் தேங்காய் எண்ணெய் கொடுக்க முடியாதா? டன் கணக்கில் கப்பலில் எடை போட முடிகிற சர்க்காருக்கு, கீரமங்கலத்துக் களத்தில் ஒரு தராசு வைக்க முடியாதா?

நாளை காலை தோப்புக்குப் போகும் தோழர் ஆலைத் தோழரிடம் இதைப் பேசட்டும். ஆலைத் தோழர் தம் வீட்டு அம்மாவிடம் பேசட்டும். காய் விலைக்காக விவசாயி எழுதும் மனுவில் ஆலைத் தொழிலாளி கையெழுத்துப் போடட்டும். கூலிக்காக உரிப்புத் தொழிலாளி நிற்கும்போது சிறு விவசாயி பக்கத்தில் நிற்கட்டும். நாம் இரண்டாக நின்றவரை நடுவில் நின்றவனுக்குத்தான் கொண்டாட்டம். இனி நடுவில் இடம் விடாமல் நிற்போம்!