ஆகாயத்தில் ஒரு படக்காட்சி

(சங்கத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்திய உரை)



நீண்ட விமானப் பயணங்களில் நாம் படம் பார்ப்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன். ஆண்டுவிழா மேடையில் இது என்ன பேச்சு என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். ஆனால், இலண்டனிலோ ரொறன்ரோவிலோ ஒரு பிள்ளையாவது சகோதரமாவது இல்லாத குடும்பங்கள் நம்மிடையே மிகச் சிலவே. ஆதலால் இது நம் வீட்டுக் காரியமுமாகும்.

ஆகாயத்தில் படம் காட்டும் வழக்கம் நாம் நினைப்பதிலும் பழையது. 1921 ஆம் ஆண்டிலேயே சிக்காகோ நகரத்தின் மேலே பறந்த விமானமொன்றில், அந்நகரைப் பற்றிய சிறு படம் ஒன்றைத் திரையிட்டார்கள். 1925 இல் இம்பீரியல் எயர்வேய்ஸ் விமானத்தில் 'த லொஸ்ற் வேர்ல்ட்' என்னும் பேசாப் படம் காட்டப்பட்டது. இவை புதுமைக்காகச் செய்யப்பட்டவை. ஒழுங்கான சேவையாக இது தொடங்கியது 1961 யூலையில். அமெரிக்காவில் படமாளிகைகள் நடத்திய டேவிட் பிளெக்சர் என்பவர், 16 மில்லிமீற்றர் படச்சுருளை விமானத்தில் ஓட்டத்தக்க கருவியொன்றை அமைத்தார். ரி. டபிள்யூ. ஏ. விமானத்தில், நியூயோர்க்கிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸ் சென்ற முதலாம் வகுப்புப் பயணிகள் அதன் மூலம் படம் பார்த்தனர். அக்காலத்தில் காதில் மாட்டிய கருவியும் வேறுவிதமானது. வைத்தியர் நெஞ்சில் வைத்துப் பார்க்கும் குழாயைப் போல, வெறுங் குழாய் வழியாகவே ஒலி காதுக்கு வந்து சேர்ந்தது.

அன்று எல்லோருக்கும் ஒரே திரை. ஆகவே எல்லோர் மனத்துக்கும் பொருந்தும்படி படத்தை வெட்டிக் காட்டுவது வழக்கமாயிற்று. 1988 இல் வெளிவந்த 'ரெயின் மான்' படத்தில், அண்ணன் விமானம் ஏற மறுத்து, குவாண்டஸ் விமானம் மாத்திரமே விழுந்ததில்லை என்று சொல்லும் கட்டம் ஒன்று உண்டு. ஏனைய கம்பனிகள் பல தம் விமானங்களில் அக்கட்டத்தை வெட்டிவிட்டன. குவாண்டஸ் வெட்டவில்லை என்பதை நான் சொல்லவும் வேண்டுமோ?

அதே 1988 இல், நோர்த்வெஸ்ற் எயர்லைன்ஸின் போயிங் 747 விமானங்களில், இருக்கையின் முதுகில் 2.7 அங்குலத் திரைகளைப் பொருத்திப் பரீட்சித்தார்கள். அதன் பின்னர் ஆளுக்கொரு திரை என்பது உலகெங்கும் பரவியது. விரும்பிய படம், விரும்பிய பாஷை, விரும்பிய இடத்தில் நிறுத்தி மீண்டும் தொடங்கும் வசதி, இவையெல்லாம் நன்மையே. நான் இதைக் குறைகூற வரவில்லை. ஆனால் ஒரே திரையைப் பார்த்தவர்கள் ஒன்றாகச் சிரித்தார்கள். ஆளுக்கொரு திரை வந்தபின் பக்கத்தில் இருப்பவர் யாரென்பதே நமக்குத் தெரியாமற் போகிறது.

இதை நான் பிறர்மேல் வைத்துச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் கட்டுநாயக்காவிலிருந்து இலண்டன் சென்றேன். ஏறக்குறைய பதினொரு மணித்தியாலப் பயணம். என் இருக்கை நடைபாதை ஓரம். யன்னலோரம் நம்மவரான ஓர் ஆச்சி. மகளைப் பார்க்க முதன்முறை தனியே போகிறவர். ஏறியதும் வணக்கம் சொன்னேன். பின்பு காதுக் கருவியை மாட்டிக்கொண்டு ஒரு படம் பார்த்தேன். அது முடிய இன்னொன்று. மூன்றாவதைத் தேடும்போதுதான் தற்செயலாகத் திரும்பினேன். ஆச்சியின் திரையில், பாஷையைத் தெரிவு செய்யும்படி கேட்கும் முதற்பக்கம் அப்படியே நின்றது. அவர் கால்களோ வீங்கியிருந்தன.

"ஏன் ஆச்சி, எழும்பி நடக்கவில்லையோ?" என்று கேட்டேன்.

"நீ படத்தோட இருந்தாய் மோனை. குழப்பக்கூடாதெண்டு பேசாமல் இருந்திட்டன்" என்றார்.

ஏழு மணித்தியாலமாக அவர் மலசலகூடத்துக்குக்கூட எழும்பவில்லை. பயத்தில் தண்ணீரும் குடிக்கவில்லை. காரணம் என் காதுக் கருவி.

எழுந்து வழிவிட்டேன். அவர் திரும்பி வந்ததும், தமிழ்ப் படம் போட்டுவிடவா என்று கேட்டேன். "படம் வேண்டாம். பிளேன் இப்ப எங்க நிக்குதெண்டு பார்க்கலாமோ?" என்றார். வழிப்படத்தைக் காட்டிக் கொடுத்தேன். அந்தச் சிறிய விமானம் மகளின் ஊரை நோக்கி நகர்வதை, இறங்கும்வரை கண் எடுக்காமல் பார்த்திருந்தார். என் இரண்டு படங்களின் கதையும் இன்று எனக்கு நினைவில்லை.

உலக சுகாதார ஸ்தாபனம் 2007 இல் வெளியிட்ட ஆய்வொன்றின்படி, நான்கு மணித்தியாலமோ அதற்கு மேலோ அசையாது இருந்து பயணஞ் செய்தால், நாளங்களில் இரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இருமடங்காகிறது. ஆரோக்கியமுள்ளவர்களில் ஏறக்குறைய 6000 பேருக்கு ஒருவர் என்ற அளவினதே அது; பயங்கொள்ள வேண்டியதில்லை. எனினும் முதியவர்கள் விடயத்தில் அதிக கவனம் வேண்டும். எழுந்து நடக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தையும் நம்மிடமிருந்து பறிப்பது சுவையான படமே.

ஆகவே, இளைஞர்களே, பயணத்தில் தாராளமாகப் படம் பாருங்கள். பக்கத்தில் குழந்தை இருந்தால், வெட்டும் கொலையுமான படத்தை ஒதுக்கி வையுங்கள். உங்கள் திரை அதன் கண்ணிலும் படும். ஒரு படம் முடிந்ததும் அடுத்ததைத் தொடங்குமுன் எழுந்து நில்லுங்கள். யன்னலோரத்தில் இருப்பவர் வெளியே வர விரும்புகிறாரா என்று நீங்களாகவே கேளுங்கள். அவர் கேட்கட்டும் என்று இருந்துவிடாதீர்கள். நம் தாய்மார் கேட்கமாட்டார்கள்.

பெரியோர்களே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளைகளிடம் போகப் புறப்படுமுன், அந்தத் திரையை இயக்கும் விதத்தை வீட்டில் ஓர் இளைஞனிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். எழும்ப வேண்டுமானால், பக்கத்தில் இருப்பவரின் தோளைத் தட்டக் கூச்சப்படாதீர்கள். அவன் உங்கள் பேரப்பிள்ளையைப் போன்றவனே.