கட்டிலுக்கு வரும் ஸ்கேன் மெஷினைக் கண்டு பயப்பட வேண்டாம்

(நல்லூருக்கு யாத்திரை வந்த தோட்டக் குடும்பங்களுக்கு யாழ்ப்பாணத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



காலையில் மானிப்பாயில் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையைப் பார்த்தோம். அமெரிக்காவிலிருந்து வந்த டொக்டர் சாமுவேல் கிறீன் 1848ஆம் ஆண்டில் அந்த ஊரில் வைத்தியப் பணியைத் தொடங்கினார். தமிழ் படித்து, வைத்திய மாணவர்களுக்குத் தமிழிலேயே பாடம் நடத்தினார். வைத்திய நூல்களையும் தமிழில் ஆக்கினார். ஆகவே வைத்திய விஷயம் நமக்குப் புரியாது என்று யாரும் ஒதுங்கிப் போக வேண்டாம். இன்றைக்கு அப்படி ஒரு விஷயத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் நம்ம ஆள் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறார். டொக்டர் சின்ன டீவி மாதிரி ஒரு மெஷினைக் கட்டிலருகே தள்ளிக்கொண்டு வருகிறார். பிறகு, "கழுத்தில் லைன் போட வேண்டும், கையெழுத்து வையுங்கள்" என்கிறார். உடனே, "கழுத்துல ஊசின்னா இனி பிழைக்க மாட்டாங்க" என்று அழுகை தொடங்கிவிடுகிறது. எழுதிக் கொடுத்துவிட்டு லயத்துக்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்று சிலர் நினைப்பார்கள். அந்த அவசரத்தில்தான் பிழைக்க வேண்டிய உயிர் போய்விடும்.

முதலில் அந்த மெஷின் என்னவென்று பாருங்கள். வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கிற அதே ஸ்கேன்தான். எக்ஸ்ரே போல கதிர் இல்லை. காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வருவதைப் படமாக்குகிறது. கப்பல் கட்டும் இடங்களில் இரும்பில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க இப்படிப்பட்ட கருவியை வைத்திருந்தார்கள். அதைக் கொண்டு 1953ஆம் ஆண்டு சுவீடனில் எட்லர் என்ற டொக்டரும் ஹேர்ட்ஸ் என்ற விஞ்ஞானியும் மனித இருதயத்தைப் பார்த்தார்கள். நெஞ்சில் குளிர்ந்த பசை பூசுவார்கள், கருவியைக் கொஞ்சம் அழுத்துவார்கள். அவ்வளவுதான்.

எதற்காகப் பார்க்கிறார்கள்? இந்த ஊரில் தோட்டம் என்றால் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும். கிணற்றுத் தண்ணீரை மெஷின் வைத்து இறைக்கிறார்கள். வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டால் தோட்டக்காரர் மூன்று விஷயம் பார்ப்பார்: மெஷின் இழுக்கவில்லையா, கிணறு வற்றிவிட்டதா, குழாய் அடைத்துக்கொண்டதா? பிரஷர் விழுந்த நோயாளியிடம் டொக்டர் பார்ப்பதும் அதுதான். இருதயம் பலமாக அடிக்கிறதா? பெரிய நாளத்தில் இரத்தம் போதுமா? இருதயத்தைச் சுற்றி நீர் தேங்கி நெருக்குகிறதா, நுரையீரலுக்குப் போகிற வழியில் இரத்தக் கட்டி அடைத்து வலது பக்கம் வீங்கியிருக்கிறதா?

இது ஏன் முக்கியம்? உடம்பில் நீர் வற்றியவருக்கு சேலைன் உயிர் கொடுக்கும். இருதயம் களைத்தவருக்கு அதே சேலைன் அதிகமானால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் ஒரே மாதிரித்தான் கிடப்பார்கள். 2017ஆம் ஆண்டு இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்டதே, அந்தக் காய்ச்சலிலும் நெஞ்சிலும் வயிற்றிலும் நீர் கசிகிறதா என்பதை ஸ்கேனில் பார்த்து, சேலைனை அளந்து கொடுக்கிறார்கள்.

இனி கழுத்து ஊசி. கைநரம்பு சுருங்கிப் போனாலும், சின்ன நரம்பு தாங்காத மருந்து கொடுக்க வேண்டியிருந்தாலும், கழுத்திலுள்ள பெரிய நாளத்தில் மெல்லிய குழாய் வைப்பார்கள். அந்த நாளத்துக்குப் பக்கத்திலேயே நாடி அடிக்கிற குழாயும் ஓடுகிறது. கொஞ்சம் கீழே நுரையீரல். முன்பு கையால் தடவி அடையாளம் பார்த்துத்தான் குத்துவார்கள். இப்போது ஸ்கேனில் பார்த்துக் குத்தலாம். கருவியால் அழுத்தினால் நாளம் நசுங்கும். நாடிக் குழாய் லேசில் நசுங்காமல் துடிக்கும். ஊசி எங்கே போகிறது என்பதும் தெரியும். ஆபத்து முழுக்க இல்லாமல் போகாது, ஆனால் நன்றாகக் குறையும்.

லைன் போட்ட பிறகு நம்ம வேலையும் இருக்கிறது. ஒட்டியிருக்கிற பிளாஸ்டரைத் தொடக்கூடாது. கை கழுவாமல் கிட்டே போகக்கூடாது. குளிர் நடுக்கமோ காய்ச்சலோ, அந்த இடத்தில் வீக்கமோ இரத்தக் கசிவோ கண்டால், மூச்சு கூடுதலாக வாங்கினால், உடனே தாதியிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. கட்டிலருகே பார்ப்பது அவசரப் பார்வை. அதில் குறை தெரியவில்லை என்பதற்காக, பிறகு எக்கோ எடுக்கச் சொன்ன திகதியை விட்டுவிடாதீங்க. வால்வு பழுதை முழு எக்கோவில்தான் சரியாகப் பார்ப்பார்கள். தொண்டை நோவுக்குப் பிறகு மூட்டு வீங்கி, வாதக் காய்ச்சல் என்று சொல்லப்பட்ட பிள்ளைகளுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடச் சொல்வார்கள். கொழுந்து நாள், சம்பள நாள் என்று பார்த்து அதைத் தவற விடக்கூடாது. இன்றைக்குத் தவறுகிற ஊசிதான் நாளைக்கு வால்வைக் கெடுக்கும்.

கையெழுத்து வைக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: எதற்காக? செய்யாவிட்டால் என்ன ஆகும்? என்ன ஆபத்து வரலாம்? மொழி புரியாவிட்டால் தமிழ் தெரிந்த தாதியையோ சிற்றூழியரையோ கூப்பிடச் சொல்லுங்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. தமிழில் கேட்பது நம்ம உரிமை. கேளுங்கள், பதிலைக் கேட்டுப் புரிந்துகொண்டு கையெழுத்து வையுங்கள்.