மலைவலப் பாதையில் மார்வலி

அண்ணாமலையை வலம்வரும் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். வழியில் மார்வலி கண்டால், "வாயுதான்" என்று சோடா அருந்திவிட்டு மேலே நடப்பாருமுண்டு. அது பெருந்தவறு. குருதி ஓட்டம் தடைப்பட்டால் இதயத் தசை நிமிடந்தோறும் அழியும்.

2023-இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டப்படி, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மருந்து தருவர்: ஆஸ்பிரின் 150 மில்லிகிராம் 2, குளோபிடோகிரெல் 75 மில்லிகிராம் 4, அட்டார்வாஸ்டேடின் 10 மில்லிகிராம் 8, ஆக 14 மாத்திரைகள். முன்னிரண்டும் குருதி உறைவதைத் தடுப்பன. உள்ளே இரத்தக் கசிவுள்ளவர்க்கு அவையே தீங்காகும். ஆதலின் ஆராய்ந்து அளிப்பது மருத்துவம் பயின்றோர் கடமை.

நம் கடமை யாது? வலி கண்டவரை அமரச் செய்க, நடக்க விடாதீர். 108-ஐ அழைத்து, அருகிலுள்ளது அக்னி லிங்கமா, நிருதி லிங்கமா எனத் தெளிவாகச் சொல்க. இடம் தெரிந்தால் வண்டி விரைந்து வரும்.