போதும் பொழுதும்

(மேட்டுப்பாளையத்தில் நிகழ்ந்த தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மலையடிவாரத்து இவ்வூருக்கு மழை மிகுதியும் வாய்ப்பது ஐப்பசியிலும் கார்த்திகையிலுமே. தென்மேற்குக் காற்று கொணரும் மழையை நீலமலை தன் மறுபுறத்திலேயே பெரிதும் இறக்கி வைத்துக்கொள்ள, வடகீழ்க் காற்றே பவானிக் கரையின் இப்பகுதியை நனைக்கிறது. மலைப்பாதையில் மண் சரிந்து மலைத்தொடர்வண்டி நின்றுபோகும் நாள்களும் இவையே. இவ்விரு திங்களையும் பழந்தமிழர் கூதிர் என்றனர். கூதிரும் யாமமும் குறிஞ்சிக்குரிய பொழுதுகள் என வகுத்தவர் தொல்காப்பியர்.

வேனிலிற் கொட்டிக் குவிந்த மல்லிகை இப்பொழுது இளைத்துவிடும். சத்தியமங்கலம் பூச்சந்தையின் ஏலவிலையை நாளும் கேட்போர் இதனை நன்கறிவர். மல்லிகை விட்ட இடத்தைப் பிடிக்கக் காக்கடா வந்து நிற்கும். அதற்கு வெண்மை உண்டு. மணமோ மிகக் குறைவு. தொடுத்தால் அழகாயிருக்கும், முகர்ந்தால் ஏமாற்றும். மழைப்பொழுதில் மணத்தின் மானங்காப்பது பிச்சியே.

பிச்சி எனின் இளைஞர் சிலர் விழிக்கின்றனர். சாதிமல்லி என்றால் உடனே அறிந்துகொள்கின்றனர். அப்பெயரிலுள்ள சாதி, மாந்தரைக் கூறுபோடும் சாதி அன்று. வடமொழியில் இம்மலருக்கே சாதி என்பது ஒரு பெயர். அப்பெயர் தமிழ் மல்லியின் தலைமேல் ஏறி அமர்ந்துகொண்டது, அவ்வளவே. தமிழில் இதன் பழம்பெயர் பித்திகம், பித்திகை. ஐந்து அஞ்சு எனவும், பித்தன் பிச்சன் எனவும் திரிந்தாற்போலப் பித்திகை பிச்சி ஆயிற்று. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் இம்மலரில் தேர்ந்தெடுத்த வகைகளைக் கோ.1 பிச்சி, கோ.2 பிச்சி என்றே வெளியிட்டனர்; முல்லை வகையொன்றுக்குப் பாரிமுல்லை எனப் பெயரிட்டவரும் அவர்களே. ஆராய்ச்சி நிலையத்தாருக்கு எளிதாக வந்த தமிழ்ப்பெயர், பூக்கடைப் பலகைக்கு மட்டும் ஏன் வர மறுக்கிறது என்பது விளங்கவில்லை.

இம்மலரின் மணத்தைப் பொழுதுகாட்டும் கருவியாகவே கொண்டனர் பழந்தமிழர். நக்கீரர் பாடிய நெடுநல்வாடை 188 அடிகளால் ஆயது. அதிற் கூதிர்க்காலத்து மதுரை காட்டப்படுகிறது. முகில் மூடிக் கதிரவன் எங்கு நிற்கிறான் என்றே தெரியாத நாள். மகளிர் பித்திகத்தின் முதிர்ந்த அரும்புகளைப் பறித்துப் பூந்தட்டில் இட்டு வைத்திருக்கின்றனர். இதழ் அவிழ்ந்து மணம் கமழ்ந்த அந்நொடியில் மாலை வந்துவிட்டதென அறிந்து, இரும்பு விளக்கில் நெய்த்திரி கொளுத்தி, நெல்லும் மலரும் தூவித் தொழுகின்றனர். நாழிகை வட்டிலும் வேண்டவில்லை, வானமும் வேண்டவில்லை. மூக்கொன்றே போதுமானதாக இருந்தது!

அதே பாட்டில் இன்னொரு நுட்பமும் உண்டு. குளிரால் சந்தனம் அரைக்கும் கல் வேலையின்றிக் கிடக்கிறது. பெண்கள் கூந்தலில் மாலை சூடாமல் சில மலர்களையே செருகுகின்றனர். தகர விறகில் நெருப்பிட்டு, அகிலும் அயிரும் புகைக்கின்றனர். வேனிலுக்குத் தண்மணம், கூதிருக்கு வெம்மணம் என்று பருவத்திற்கேற்ப மணத்தை மாற்றிய மக்கள் இவர்கள். இன்று மேலை நாட்டு நறுமணக் கடைகளில் இலையுதிர் காலத்திற்கென வேறு குப்பிகளை எடுத்து அடுக்குவதைப் புதுமை என வியப்போர் இதனைப் படித்திலர்.

இனி, அம்மணத்தின் இயல்பைக் காண்போம். பிச்சியின் மொட்டு புறத்தே இளஞ்சிவப்புச் சாயல் உடையது. விரிந்தால் ஐந்து வெள்ளிதழ். கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 10,000 மலர்கள் வேண்டும்; அத்துணை மெல்லியது. செடியினின்று கொய்த பின்னும் இம்மலர் உடனே அடங்கிவிடுவதில்லை; சில மணி நேரம் வரை மணத்தை ஆக்கிக்கொண்டே இருக்கிறது. ஆகவேதான் நீராவியில் வேகவைத்து வடிக்கும் முறை இதற்கு ஒவ்வாது, நுண்மணம் கெட்டுவிடும். பிரான்சு நாட்டுக் கிராசு நகரத்தார் கண்ணாடித் தட்டில் கொழுப்பைப் பூசி, அதன்மேல் மலரைப் பரப்பி, நாளும் புதுமலர் மாற்றி மணத்தை ஏற்றினர். வடநாட்டுக் கன்னோசியில் எள்ளோடு மலரை அடுக்கி வைத்து, எள் மணமேறிய பின் ஆட்டினர். எள் நெய்யே எண்ணெய் ஆயிற்று என்னும் தமிழ்ச்சொல்லை ஈண்டு நினைக்க.

இன்றைய முறை வேறு. எக்சேன் என்னும் கரைப்பானில் மலரை நனைத்துப் பெறும் மெழுகு போன்ற பொருளைத் தொழிலோர் காங்கிரீட் என்பர். 1,000 கிலோ மலருக்கு ஏறத்தாழ 3 கிலோ மெழுகே தேறும். அம்மெழுகைச் சாராயத்திற் கழுவி எடுக்கும் நறுஞ்சாறு அதனினும் குறைவு, ஏறத்தாழப் பாதி. கொங்குநாட்டு மலர் இவ்வாறு மெழுகாகிக் கடல் கடந்து, வேற்றுப் பெயர் ஒட்டிய குப்பியாகத் திரும்பி வருகிறது.

அக்குப்பியிலிருந்து ஒரு துளியை மணிக்கட்டில் இட்டால் நிகழ்வது என்ன? முதலில் சாராயம் பறந்துவிடும். உடன் எழுவது கனிந்த வாழைப்பழத்தை நினைவூட்டும் ஓர் இனிமை. பென்சைல் அசிட்டேட்டு என்னும் பொருளின் வேலை அது. லினலூல் என்பது அதனோடு இலைத்தண்மை சேர்க்கும். இவை எடை குறைந்தவை, எளிதில் ஆவியாவன. கால்மணி நேரத்திற்குள் இவற்றின் ஆரவாரம் தணியும். அடுத்துத் தேனும் தேயிலையும் கலந்தாற்போன்ற நெஞ்சு நிறைந்த மணம். யாசுமோன் முதலியவற்றால் வருவது. இதனூடே இந்தோல் என ஒன்று நுழைகிறது. அதனைத் தனியே மிகுதியாக முகர்ந்தால் பூச்சியுருண்டையும் அழுகலும் நினைவுக்கு வரும். மூக்கைப் பொத்திக்கொள்ள நேரும். ஆனால் அஃது இல்லையேல் மலர் காகிதப்பூ ஆகிவிடும். இறுதியில் தோலோடு ஒட்டிக் கிடப்பது மெழுகும் காய்ந்த புல்லும் போன்ற அடங்கிய மணம். வெயில் நாளில் இம்மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தடித்து ஓடும். கூதிரின் குளிரில் ஆவியாதல் மெல்ல நிகழ்வதால் ஒவ்வொன்றும் தன் முறைக்குக் காத்து நின்று வரும். வறண்ட தோலில் மணம் விரைந்து மறையும். எண்ணெய்ப் பசையுள்ள தோலில் நெடிது நிற்கும். ஒரே துளி இருவர் கையில் இருவேறாக மணப்பது இதனாலேயே.

இம்மூன்று நிலைகளையும் மேலை நாட்டார் தலை, நெஞ்சு, அடி என்று உடலுறுப்பாலும் இடத்தாலும் குறிப்பர். இவற்றைக் கூறத் தமிழில் சொல் இல்லை, ஆகவே ஆங்கிலத்திலேயே பேசவேண்டும் என்பார் உளர். பூவின் பருவங்களுக்குத் தமிழிலுள்ள சொற்களை அவர் எண்ணிப் பார்த்ததுண்டா? அரும்பு, முகை, போது, மலர், அலர், வீ, செம்மல்! விரியும் நிலையிலுள்ளது போது, விரிந்தது மலர், உதிர்வது வீ, வாடியது செம்மல். தோலில் முதலில் எழுவது போதுமணம், நிலைத்து நிற்பது மலர்மணம், இறுதியில் எஞ்சுவது செம்மல்மணம். போது என்பதற்குப் பொழுது என்றும் பொருள் உண்டு. பித்திகத்தால் பொழுதறிந்த பெண்களின் மொழியன்றோ இது!

நறுமணக் கலவைத் தொழிலும் தமிழர்க்குப் புதிதன்று. மாதவியின் நீராட்டுக்குப் பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திருவகை ஓமாலிகையும் ஊறிய நீரைச் சொல்கிறார் இளங்கோவடிகள். விரை என்ற அழகிய சொல் அகராதியிற் கிடக்க, சென்ட்டு கடைவீதியில் உலவுகிறது. அதனினும் இரங்கத்தக்கது நாற்றம் என்னும் சொல்லின் வீழ்ச்சி. முகைக்குள் அடங்கிக் கிடக்கும் நறுமணத்தைத் திருவள்ளுவர் நாற்றம் என்றே குறித்து, பெண்ணின் அடக்கிய நகைக்குள் ஒளிந்த குறிப்புக்கு அதனை உவமையாக்கினார். வாசனை என்னும் வடசொல் நன்மணத்திற்கு வந்து அமர்ந்ததும், நாற்றம் சாக்கடைக்குத் தள்ளப்பட்டது. இன்று மல்லிகை நாறுகிறது என்று ஒருவன் சொன்னால் பூக்காரி சண்டைக்கு வருவாள். அவள்மேல் குற்றமில்லை.

மலரைப் பறிப்பவர்களையும் எண்ணுக. நெற்றியிற் கட்டிய விளக்கின் ஒளியில், விடியலுக்கு முன் ஈரச்செடிகளின் நடுவே குனிந்து மொட்டெடுக்கும் பெண்களுக்கு இம்மணத்தின் ஒவ்வொரு நாழிகையும் தெரியும். எந்த மொட்டு மாலைவரை தாங்கும், எது சந்தை சேருமுன் விரிந்து விலை இழக்கும் என்பதை விரல்நுனியால் அறிவர். அவ்வறிவை எந்தக் குப்பியின் மேலும் எவரும் எழுதவில்லை. பருவமழையில் மொட்டு கருகினால் கூலியும் கருகும். அதையும் எவரும் எழுதவில்லை.

அவையோரில் விருப்பமுடையார் இந்த ஐப்பசியிலேயே ஓர் ஆய்வு செய்து பார்க்கலாம். மாலையில் பிச்சியின் முதிர்ந்த மொட்டுகள் ஒரு பிடியைத் தட்டில் இட்டு வைக்க. மணிக்கட்டில் ஒரு துளி விரை இடுக. தேய்த்தல் கூடாது, தேய்த்தால் போதுமணம் சிதறும். விளக்கேற்றும் வேளையில் இரண்டையும் முகர்க. உண்டபின் ஒருமுறை, உறங்குமுன் ஒருமுறை முகர்க. மறுநாட் காலை தட்டிலுள்ள செம்மலையும் சட்டையின் கைமடிப்பையும் அருகருகே வைத்து முகர்ந்து, கண்டதைத் தமிழில் எழுதி வைக்க.