கராம்பும் சீனி வருத்தமும்

மாத்தளைப் பக்கம் பல்வலி என்றால் கை முதலில் போவது கராம்புக்குத்தான். அதிலுள்ள யூஜினோல் வலியை மரக்கச் செய்யும். பல் வைத்தியர்களும் அதைக் கைவிடவில்லை; நாக ஒட்சைட்டோடு குழைத்து, வேர்ச் சிகிச்சையில் வேர்க்குழாயை அடைக்கும் பசையாக நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் சீனி வருத்தக்காரர் கராம்பெண்ணெய்யோடு நாளைக் கடத்தக்கூடாது. வலி அடங்கும், சீழ் அடங்காது. இரத்தத்தில் சீனி கூடினால் நுண்ணிய குருதிக்குழாய்கள் பழுதாகும்; கிருமியோடு போராடும் வெண்குழியங்கள் சோரும். வாய் காய்ந்து உமிழ்நீர் குறைய, பல் சூத்தையாகும். வேர்ச் சிகிச்சையை ஒழுங்காகச் செய்தாலும் வேர்நுனிப் புண் ஆறச் சுணங்கும். போதாததற்கு, அந்தச் சீழே சீனியை இன்னும் ஏற்றிவிடும்.

"பிடுங்கிவிடுங்கள் டொக்டர்" என்று அவசரப்படாதீர்கள். பிடுங்கிய குழியும் ஆறத்தானே வேண்டும்! சீனி கட்டுப்பாட்டில் இருந்தால் பல்லைக் காப்பாற்றலாம். கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வெறும் வயிற்றோடு போகவேண்டாம். காலைச் சாப்பாடும் மாத்திரையும் முடித்துவிட்டுப் போங்கள். வேர்ச் சிகிச்சை முடிந்தபின், கடைவாய்ப் பல்லென்றால், உடையாமலிருக்க உறை போடச் சொல்வார்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து எக்ஸ்ரே எடுத்தால்தான் வேர்நுனியில் எலும்பு மறுபடி நிரம்பியிருக்கிறதா என்பது தெரியும்.