தலையெழுத்தும் குரோமோசோமும்



ஒருவனுக்குக் கொடிய நோய் வந்தால் அதைத் "தலையெழுத்து" என்று சொல்லிவிடுவது நம் ஜனங்களின் வழக்கம். கொஞ்சம் படித்தவர்களோ தலையெழுத்து என்று சொல்ல வெட்கப்பட்டு, "எல்லாம் ஜீன் செய்கிற வேலை" என்கிறார்கள். பெயர்தான் மாறியிருக்கிறதே ஒழிய, யோசியாமல் கையை விரிக்கும் குணம் மாறவில்லை. ஆகவே உடம்புக்குள் எழுதியிருப்பது என்ன, அது கெடுவது யாரால் என்பதை இன்று நாம் ஆராய்ந்து பார்ப்போம்.

நம் உடல் கோடானுகோடி செல்களால் ஆனது. அனேகமாக ஒவ்வொரு செல்லிலும் 46 குரோமோசோம்கள் உண்டு. பாதி தாய் கொடுத்தது, பாதி தகப்பன் கொடுத்தது. ஜீன்கள் இவற்றில்தான் இருக்கின்றன. இந்தக் கணக்குக்கூட 1956-ல்தான் சரியாக வெளியாயிற்று. அதற்கு முன் 48 என்றே புத்தகங்களில் எழுதி வைத்திருந்தார்கள். ஸ்வீடனில் ட்ஜியோ, லேவன் என்ற இருவர் எண்ணிப் பார்த்துச் சொன்னதும் பழைய கணக்குத் தள்ளப்பட்டது. முன்னோர் சொன்னது பொய்யாகலாமா என்று யாரும் சண்டைக்கு வரவில்லை. விஞ்ஞானத்தின் யோக்கியதை அதுவாகும்.

இந்தக் குரோமோசோம்கள் நோயாளிக்கு மாத்திரம்தான் உடையும் என்று எண்ணிவிடாதீர்கள். திடகாத்திரமாய் இங்கு உட்கார்ந்திருக்கும் உங்கள் ரத்தத்தில் சில துளி எடுத்து, அதிலுள்ள வெள்ளணுக்களை வளர்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், சிலவற்றில் குரோமோசோம் முறிந்திருக்கும். சிலவற்றில் முறிந்த துண்டு தனியே ஒதுங்கிக் கிடக்கும். இது எல்லோருக்கும் உள்ளதே. முறிந்ததைப் பெரும்பாலும் செல்லே ஒட்டிக்கொள்கிறது. ஆனால் ஒருவருக்குக் குறைவாகவும் மற்றவருக்கு அதிகமாகவும் முறிவானேன் என்பதுதான் கேள்வி.

காரணம் இரண்டு வகை. ஒன்று உள்ளே இருப்பது. முறிவை ஒட்டும் வேலையையும், உள்ளே போன விஷத்தைத் தணிக்கும் வேலையையும் செய்யும் ஜீன்கள் ஆளுக்கு ஆள் வித்தியாசப்படுகின்றன. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்குள்ளேயே வித்தியாசப்படுகின்றன. வயது ஏறினாலும் பழுது ஏறும். மற்றது வெளியிலிருந்து வருவது. எக்ஸ்ரே கதிர் ஜீன்களை மாற்றும் என்பதை முல்லர் என்பவர் 1927-ல் பழ ஈக்களைக் கொண்டு காட்டினார். பீடி, சிகரெட்டுப் புகை கெடுக்கிறது. புகையிலையோடு வெற்றிலை பாக்கு மெல்லுகிறவர்களின் வாயின் உட்சதையில் இந்த முறிந்த துண்டுகள் அதிகமாகக் காணப்பட்டிருக்கின்றன. கீரையிலும் பயறிலும் உள்ள போலேட் என்னும் சத்துக் குறைந்தாலும் குரோமோசோம் முறிகிறது. அதாவது ஏழையின் வெறும் சோறும் ஒரு காரணம்!

முறிந்தால் என்ன என்று கேட்கலாம். நார்வே, ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து, இத்தாலி ஆகிய நாடுகளில் ஆரோக்கியமாயிருந்த பலரைச் சோதித்துப் பல வருஷம் கவனித்து, 1998-ல் முடிவு சொன்னார்கள். முறிவு அதிகமிருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் அதிகம் வந்தது என்பதே அம்முடிவு.

இனி ஒரு உதாரணத்தைச் சொல்லுகிறோம். பென்சீன் என்று ஒரு திரவம் உண்டு. பெட்ரோலில் இருக்கிறது, பல தேசங்களில் செருப்பு ஒட்டும் பசையிலும் இருந்திருக்கிறது. அதன் ஆவியைச் சுவாசித்தால் குரோமோசோம் முறியும். ரத்தப் புற்றுநோயும் வரும். அமெரிக்காவில் தொழிற்சாலைக் காற்றில் பத்து லட்சத்துக்கு 10 பங்கு வரை இருக்கலாம் என்றிருந்ததை, 1978-ல் சர்க்கார் 1 பங்காகக் குறைத்தது. எண்ணெய் முதலாளிகள் வழக்காடினார்கள். அவ்வளவு கொஞ்சத்தால் பெருங்கெடுதி உண்டு என்று சர்க்கார் காட்டவில்லை என்று 1980-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவை ரத்து செய்தது. மறுபடி 1 பங்கு என்று ஆனது 1987-ல். இடையில் போன ஒன்பது வருஷமும் தொழிலாளி எதைச் சுவாசித்தான்? அதை எந்தப் பிரம்மா எழுதினான்?

இப்போது ஜீன் பக்ஷத்தையும் பார்ப்போம். சீனாவில் பென்சீனோடு வேலை செய்தவர்களை ஆராய்ந்து 1997-ல் ஒரு செய்தி வெளியிட்டார்கள். அந்த விஷத்தைத் தணிக்கும் ஜீன் ஒன்று வேலை செய்யாதவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பது அது. உடனே முதலாளி என்ன சொல்லுவான்? "பார்த்தீர்களா, கோளாறு அவன் உடம்பில்தான், அவனை நீக்கிவிட்டால் போகிறது" என்பான். இது கற்பனையல்ல. அமெரிக்காவில் ஒரு ரயில்வே கம்பெனி, வேலையால் மணிக்கட்டு நோவு கண்ட தொழிலாளர்களின் ரத்தத்தை அவர்களுக்குத் தெரியாமலே ஜீன் சோதனை செய்தது. 2001-ல் சர்க்கார் ஸ்தாபனம் வழக்குத் தொடர்ந்து, 2002-ல் 22 லட்சம் டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொள்ளும்படியாயிற்று.

தோழர்களே! நன்றாய் யோசித்துப் பாருங்கள். அந்த ஜீன் உள்ளவன் பென்சீன் இல்லாத இடத்தில் இருந்தால் பென்சீன் அவனை என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. ஆனால் பென்சீன் அதிகமுள்ள இடத்திலோ நல்ல ஜீன் உள்ளவனும் தப்ப மாட்டான். ஓட்டை வீட்டில் சிலர் படுத்த இடம் அதிகம் ஒழுகும் என்பது மெய். அதற்காகப் படுத்திருப்பவனை வெளியே தள்ளுவதா, கூரையை வேய்வதா?

பிறப்பில் வந்த ஜீனை இன்று நாம் மாற்றிக்கொள்ள முடியாமலிருக்கலாம். ஆனால் புகையிலையை விடலாம். வீண் எக்ஸ்ரேயை மறுக்கலாம். பிள்ளைகளுக்குக் கீரையும் பயறும் போடலாம். இவை நம் கையிலுள்ளவை. பட்டறைக் காற்றைச் சுத்தம் செய்வதும், விஷத்தை அளந்து தொழிலாளிக்குச் சொல்லுவதும், அதற்குப் பதில் வேறு பொருளைத் தேடுவதும் முதலாளியின் கையிலும் சர்க்காரின் கையிலும் உள்ளவை. அவற்றைக் கேட்டு வாங்க வேண்டியது நம் கடமை.

ஆகையால் இனி யாராவது "தலையெழுத்து" என்றாலும் சரி, "ஜீன்" என்றாலும் சரி, "அவன் வேலை செய்த இடத்தின் காற்றை அளந்தீர்களா?" என்று முதலில் கேளுங்கள் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம்.